கட்டில் பலகை போட்ட வண்டி

கோபக்காரிக்கு,

உன் அக்கா வீட்டில் எல்லோரும் சுகம்தானே? இங்கே செடிகளெல்லாம் சுகம்.

சைக்கிளுக்குப் பின்னால் மாட்டி இழுக்க ஒரு வண்டி செய்துவிட்டேன். விற்கப் போகும் பூந்தொட்டிகளை மடியில் வைத்துக்கொள்ள கேரியரில் ஆள் இல்லையே. அடித்தட்டுக்கு என்ன போடுவது என்பதில்தான் மண்டை காய்ந்தது. பிளைவுட் போட்டேன், தொட்டியில் ஒழுகிய தண்ணீரைக் குடித்து உப்பிவிட்டது. தகரம் போட்டேன், தடதடத்ததில் தொட்டிகள் விரிசல் விட்டன. கடைசியில் நம் கட்டிலில் நீளவாக்கில் கிடக்கும் பலகைகளில் பாதியைக் கழற்றினேன்.

பக்கத்து வீட்டு பெயின்டர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, கட்டிலைப் போய் உடைக்கிறீங்க? அண்ணி வந்தா எங்க படுப்பாங்க?" என்றான்.

"ஆணி இருந்தா குடுப்பா" என்றேன்.

இப்போது வண்டி சத்தமே போடுவதில்லை. பின்னால் வருகிறதா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

நீ கத்துவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: கழற்றியது என் பக்கத்துப் பலகைகளைத்தான். ஜன்னலோரம் உன் பக்கம் அப்படியே இருக்கிறது. நான் தரையில் படுக்கிறேன். உன் பக்கம் ஏறிப் படுக்கலாம்தான். நீ திடீரென்று வந்து நின்றால் அதற்கும் ஒரு சண்டை வரும்.

உன் வீட்டுக்காரன்