அவள் காவலில் இருக்கும் கரை

மார்ச் 9, திங்கள்

இன்று கடையில் ஒரு லென்ஸை உடைத்துவிட்டேன். மூக்குக்கண்ணாடி ஃப்ரேமுக்குள் உட்காரும்படி ஓரம் தேய்க்கும்போது கவனம் எங்கோ போய்விட்டது. எங்கே போகும்? அங்கேதான். முதலாளி திட்டவில்லை. "வீட்டம்மா எப்ப வர்றாங்க?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மே மாதத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. மகளுக்குக் கல்யாணம் முடிந்ததும், இரண்டே வருடம் என்று சொல்லித்தான் அந்தக் கடற்கரைச் சரணாலயத்துக்குக் காவலராகப் போனாள். அங்கே சாலை கிடையாது, கரண்ட் கிடையாது, செல்போன் எடுக்காது. வாரத்துக்கு ஒரு படகு, செவ்வாய்க்கிழமை. அதில் கொடுத்தனுப்பும் சீட்டில் பறவைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவாள். என்னைப் பற்றி ஒரு வரி: மாத்திரை போட்டீங்களா?

மார்ச் 10

மகள் போன் செய்தாள். அம்மா இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கச் சொல்லப் போகிறாளாம். போன தடவை வந்தபோது மகளிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. நான் என்ன, அடுத்த வீட்டுக்காரனா?

"நீங்க நேர்ல போய்க் கூப்பிட்டா வந்துடுவாங்கப்பா" என்றாள் மகள். சரி, போகிறேன். கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். முதலாளி லீவுக்குத் தலையாட்டிவிட்டார். லென்ஸ்கள் பிழைக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

மார்ச் 14

எனக்கு நீச்சல் தெரியாது. இதைப் படகுக்காரரிடம் சொல்லப் போவதில்லை.

மார்ச் 17, செவ்வாய்

வந்து சேர்ந்தேன். இறங்குதுறை என்று ஒன்று இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கிவிட்டு, பையைத் தலையில் வைத்துக்கொள்ளச் சொன்னார் படகுக்காரர். கூடவே ஒரு காலிச் சாக்கும் கொடுத்தார். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் கரையில் ஒதுங்கிய குப்பையைப் பொறுக்கித் திருப்பி எடுத்துப்போக வேண்டுமாம். சட்டமாம்.

அவள் தண்ணீருக்குள் நடந்து வந்து என் கையைப் பிடித்தாள். கறுத்துப் போயிருக்கிறாள், தோள் அகன்றிருக்கிறது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "இளைச்சிட்டீங்க" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கடல் காற்று என்று சமாளித்தேன்.

ஒரே அறை, பலகைச் சுவர். ஆணியில் தொலைநோக்கி, தகர டப்பாவில் அரிசி, பக்கத்தில் வயர்லெஸ் பெட்டி. ஜன்னலில் நின்றால் மணல்மேடு, முட்புதர், அதற்கப்பால் கடல். கண்ணுக்கு எட்டின தூரம் மனிதன் வைத்த பொருள் ஒன்றுமில்லை. ஜன்னலை விட்டுத் தள்ளி நின்றேன். அவள் அதைக் காட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள், தன் வீட்டைக் காட்டுகிற மாதிரி. நன்றாக இருக்கிறது என்றேன். கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

மார்ச் 19

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் அவள் ஊற்றுக்குக் குடிதண்ணீர் எடுக்கப் போனாள். சும்மா இருப்பானேன் என்று நான் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் திரும்பி வரும்போது கரை பளிச்சென்று இருக்க வேண்டும், மனுஷன் உதவாக்கரை இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பாட்டில், கயிறு, செருப்பு. மேட்டுப் பக்கம் போனால் மணலில் ஆங்காங்கே குச்சிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் மீன்வலை மிதவை ஒன்று, ஆரஞ்சிலும் நீலத்திலும். யாரோ விளையாடிவிட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் பிடுங்கினேன். நிறம் பிரித்து வேறு அடுக்கினேன், கடைப் புத்தி.

அவள் குடத்தோடு வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இருந்த இடத்துலயே நில்லுங்க. காலை எடுக்காதீங்க."

எல்லாம் பறவைக் கூடுகள். கூடு என்றால் சுள்ளி, புல் ஒன்றும் கிடையாது. மணலில் ஒரு பள்ளம், அதில் மணல் நிறத்திலேயே முட்டை. யாரும் மிதித்துவிடாமல் இருக்கத்தான் அவள் குச்சி நட்டு வைத்திருந்தாள். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்து கொடுக்கிறவன், காலடியில் கிடக்கிற முட்டை தெரியாமல் நடந்திருக்கிறேன்.

வெயிலில் அப்படியே நின்றேன். அவள் மண்டியிட்டு, உள்ளங்கையை ஊன்றி ஊன்றி, ஒவ்வொரு கூடாகக் கண்டுபிடித்துக் குச்சி நட்டுக்கொண்டே வந்தாள். பார்த்துத் தேடவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. ஊரில் எங்கள் வீட்டு அறையில் இருட்டில் நான் சுவிட்சைத் தொடுகிற மாதிரி. வெயில் சாயும்போதுதான் என்னிடம் வந்து சேர்ந்தாள். கையைப் பிடித்து வெளியே நடத்திக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை திட்டவில்லை.

செருப்பைக் கழற்றும்போது பார்த்தேன். அடியில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. அவள் முன்னமே பார்த்துவிட்டாள்.

மார்ச் 21

நேற்று முழுக்க அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. கோபமில்லையாம். இன்று சாப்பிடும்போது, வீட்டுக் குழாய் ஒழுகுகிறதா என்று கேட்டாள். சாதாரணக் கேள்வி. என்னமோ உடைந்துவிட்டது. ஒழுகட்டும்னு விட்டு வச்சிருக்கேன், அந்தச் சத்தமாவது இருக்கட்டும்னு, நீ இல்லாத வீட்ல எனக்கு மூச்சு முட்டுதுடி — சொல்லிவிட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நிமிர்ந்தபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். வா என்று கேட்கவில்லை. கேட்ட மாதிரிதானே?

மார்ச் 24, செவ்வாய்

விழித்தபோது கதவோரம் அவளுடைய பை தயாராக நின்றது. ஆணியில் தொலைநோக்கி இல்லை. பைக்குள் போயிருந்தது. வயர்லெஸில் ஆபீசுக்குச் சொல்லிவிட்டாளாம். மே மாதம் வரைக்கும் லீவு, அப்புறம் நீட்டிப்பு இல்லை.

ஜெயித்துவிட்டேன். சந்தோஷத்தில் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன்.

அவள் படகுக்காரரைக் கூட்டிக்கொண்டு குச்சி குச்சியாகக் காட்டிக்கொண்டிருந்தாள். வேறு ஆள் வரும்வரை வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லி. நல்ல மனுஷர், எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு குச்சியைத் தாண்டிக் கால் வைக்கப் போனார். அவள் கத்தவில்லை. இரண்டு கையாலும் அவர் முழங்காலைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை.

உள்ளே போனேன். பையைத் திறந்து தொலைநோக்கியை எடுத்து ஆணியில் மாட்டினேன். அவள் வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

"உங்களுக்காகத்தாங்க கிளம்பினேன்."

"தெரியும். அதனாலதான் வேண்டாங்கறேன்."

படகில் ஏறினதும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றிருந்தேன். பார்த்தேன். தண்ணீருக்குள் நெஞ்சளவுக்கு வந்துவிட்டிருந்தாள்.

மார்ச் 27

குழாய்க்காரர் வந்து சரிசெய்துவிட்டுப் போனார். வீடு கப்சிப்.

ஏப்ரல் 2, வியாழன்

படகுக்காரர் மூலம் மகளுக்குச் செய்தி எட்டிவிட்டது. அம்மாவே கிளம்பி நின்றாளாமே, நீங்கள்தான் வேண்டாம் என்றீர்களாமே என்று கேட்டாள். "சண்டையாப்பா?"

இல்லை என்றேன். பின்னே என்ன என்றாள். என்ன சொல்வது? பெற்ற பெண்ணிடம் சொல்கிற பேச்சா இது? ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"உங்கம்மா மேல ஆசைம்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள்.

இதை அவளிடமே சொல்லியிருக்கலாம். இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது. செவ்வாய்ப் படகில் சீட்டு எழுதி அனுப்பப் போகிறேன். படகுக்காரர் பிரித்துப் படித்துவிடுவார். படிக்கட்டும்.