செங்கமலத்தின் சடை

குட்வில் எஸ்டேட்,
போர்ட் பிளேர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சௌமியாவுக்கு,

நானும் அம்மாவும் உடம்பளவில் நலம். நீ நலமா என்று உன்னிடமே கேட்க எனக்கு வழி இல்லாமல் போய்விட்டது. என் எண்ணிலிருந்து கூப்பிட்டால் மணி அடிக்காமலே நின்றுவிடுகிறது, அம்மாவிடம் கேட்டால் "இருக்கா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். எங்கள் செக்‌ஷன் ஹரிஹரன் நாளைக் காலை விமானத்தில் பெங்களூருக்கு அவன் அக்கா வீட்டுக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். வாங்கியதும் கிழித்துவிடாதே கண்ணு. கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி. இனிமேல் பென்சிலையே தொடப்போவதில்லை, ஏதாவது கம்பெனியில் கணக்கு வேலைக்குப் போகப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னால் உன் ஒரு புத்தகம் போனது போனதுதான், உன் கையே போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். 'கழிமுகத்துக் கூட்டாளிகள்' கதையைப் புதிய வண்ணப் படங்களோடு புத்தகமாகப் போடுகிறோம் என்று அந்தப் பதிப்பகம் முகநூலில் அறிவித்து, மாதிரிக்கு நாலைந்து பக்கங்களைக் காட்டி, பழைய வாசகர்கள் கருத்துச் சொல்லலாம் என்று கேட்டிருந்தது. பழைய வாசகன் என்றால் இந்தத் தீவில் என்னைவிட வேறு யார்? பத்து வயதில் அந்தத் தொடரை மாதம் ஒரு இதழாகப் படித்து, தைத்து வைத்து, பிறகு உனக்கு அதே தாள்களிலிருந்து வாசித்துக் காட்டியவன். படத்துக்குக் கீழே ஓவியம் கடலி என்று போட்டிருந்தது. அது என் மகள் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் கண்ணில் பட்டதெல்லாம் செங்கமலத்தின் தலைதான். இரட்டைச் சடை போட்டவள் செங்கமலம். அவளை மாதிரியே மடித்துக் கட்டினால்தான் பள்ளிக்கூடம் போவேன் என்று நீ தினமும் அம்மா உயிரை வாங்கியது மறந்திருக்காது. அந்தப் பெண்ணை ஒட்ட வெட்டிய தலையோடு படகில் நிறுத்தியிருந்தது அந்தப் படம். பெற்ற பிள்ளைக்கு யாரோ எவனோ மயிரைக் கத்தரித்துவிட்டது போல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனு எழுதுவதில் எனக்குள்ள பழக்கம் உனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் எனக்கு மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள், நான் ஒவ்வொரு முறையும் பொருள், பார்வை, நகல் என்று முறையாக எழுதிக் கொடுப்பேன், அவர்களும் ஒவ்வொரு முறையும் "தேக்தே ஹை ராமகிருஷ்ணன் ஜி" என்பார்கள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே என் தலை நரைத்துவிட்டது. அந்தக் கையாலேயே பதிப்பகத்துக்கும் எழுதினேன். கழிமுகத்தில் யாரும் துடுப்புப் போடமாட்டார்கள், கழி ஊன்றித் தள்ளுவார்கள். காவல்காரர் பிச்சமுத்து மீசையை மழித்தவர் என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார், இங்கே கொடுவாள் மீசை வைத்திருக்கிறது. செங்கமலம் நனைந்த பனங்கொட்டை நிறம், அவளை ஏன் சந்தனம் பூசிய மாதிரி வெளுக்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலாக அவள் சடையை வெட்ட ஓவியருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இப்படிப் போட்டு, முடிக்கும்போது, கடலையும் படகையும் கண்ணால் கண்டிராத யாரோ அடுக்குமாடியில் உட்கார்ந்துகொண்டு வரைந்த படங்கள் இவை என்றும் எழுதினேன். சௌமியா, பாம்பூ பிளாட் ஃபெர்ரியில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வளர்ந்த பெண்ணைப் பற்றி நான் எழுதிய வாசகம் இது. அதை முகநூலிலும் போட்டேன். அதற்குக் கீழே இருநூறு பேர் வந்து கைதட்டினார்கள். அதில் எத்தனை பேர் கதையைப் படித்தார்களோ தெரியாது.

பதில் வந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதியதை யாரோ ஒருவர் கடைசி வரி வரை படித்துவிட்டு, தாங்கள் சொன்ன அத்தனையும் சரி என்று பதில் போட்டது அதுதான் முதல் தடவை. ஓவியரை நீக்கிவிட்டோம், மாதக் கடைசிக்குள் வேறு ஓவியரை முடிவு செய்கிறோம், புதிய படங்களை அச்சுக்கு முன்னால் தாங்களே பார்த்துத் திருத்தித் தர வேண்டும், தங்களைப் போன்ற வாசகர்தான் எங்கள் பலம் என்று எழுதியிருந்தார்கள். அதைத் தாளில் எடுத்து செக்‌ஷன் முழுக்கக் காட்டினேன். அபர்தீன் பஜாரில் மைசூர்பாகு வாங்கி எல்லார் மேஜைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அரே, ப்ரமோஷன் ஆ கயா க்யா?" என்று பெங்காலி பெரிய பாபு கேட்டார், அதைவிடப் பெரியது என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. நான் வாசித்து முடித்தேன். பிறகு, "அந்தக் கடலி யாருன்னு தெரியுமா உங்களுக்கு? உங்க பிறந்தநாளைக்குப் புத்தகமாக் கையில கொடுக்கணும்னு அந்தப் புள்ள என் வாயக் கட்டிப் போட்டுச்சு. மாசக்கணக்கா நானும் முழுங்கிட்டு இருந்தேன். மனு போட்டுட்டீங்கள்ல, மைசூர்பாகு மீதி இருந்தா எனக்கும் ஒண்ணு கொடுங்க, நானும் திங்கிறேன்" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், தானாகப் பேசுவதில்லை.

அப்போதும் என் மனதில் ஒரு மூலையில் ஒரு பிடிவாதம் இருந்தது, அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். மகளானாலும் தப்பு தப்புதானே, சடையை வெட்டியது தப்புதானே என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதை உடைத்தது தேவேந்திரன். எங்கள் ஸ்டோர்ஸில் புதிதாக மாறுதலாகி வந்திருப்பவர், நிக்கோபாரில் கச்சால் தீவில் வளர்ந்தவர், அவர் அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். மைசூர்பாகு எதற்கு என்று அவர் கேட்டபோது பெருமையாகச் சொல்லியிருந்தேன். புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, "சார், நீங்க சொன்னத நானும் யோசிச்சுப் பாத்தேன். செங்கமலம்தானே தன் சடைய அறுத்துக்கிட்டா? படகுல ஓட்டை விழுந்து தண்ணி ஏறுறப்ப, ரெண்டு சடையையும் அறுத்து, பிசினைத் தடவி அந்த வெடிப்புல திணிச்சாளே, அதுலதானே அத்தனை புள்ளைகளும் கரை சேந்துச்சுக? அந்தக் கட்டத்தப் படிச்சுட்டு எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல பொம்பளைகளெல்லாம் அழுதாங்க சார்" என்றார். நான் அப்படி ஒரு கட்டமே கதையில் கிடையாது என்று சண்டைக்குப் போனேன். அவர் சிரித்துவிட்டு, "அந்த மாசம் மட்டும் எங்களுக்கு ரெட்டைக் கட்டு வந்துச்சு, வீட்டுக்கு வீடு அந்தப் புஸ்தகம்தான் கெடந்துச்சு, கடைக்காரர் சும்மாவே கொடுத்தாரு. ஒங்க ஊரு கட்டையும் சேத்து எங்களுக்கு ஏத்திவிட்டானுகளோ என்னமோ" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அந்தக் காலத்தில் பத்திரிகை எல்லாம் கப்பலில்தான் வரும், கப்பல் பிந்தினால் இரண்டு மூன்று இதழ் சேர்ந்து வரும், எது வந்தது எது வரவில்லை என்று இங்கே யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த மாதக் கட்டு இங்கே ஹேடோ துறைமுகத்தில் இறங்க வேண்டியது, இறங்காமல் அடுத்த கப்பலில் தெற்கே நிக்கோபாருக்குப் போயிருக்கிறது. போர்ட் பிளேரில் ஒரு பிள்ளையும் அந்த இதழைப் பார்த்ததில்லை. என்னுடைய தாள்களில் ஒரு இதழ் படகில் தண்ணீர் ஏறுவதோடு முடியும், அடுத்ததில் பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து கிழங்கு சுட்டுத் தின்பார்கள். எப்படிப் பிழைத்தார்கள் என்று சொல்லாமல் விட்டதுதான் ஆசிரியரின் பெரிய கலை என்று நான் நினைத்தேன், உனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், மனுவிலும் அதை ஒரு தனிப் பத்தியாகவே எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு வந்த பழைய படங்களில் செங்கமலம் தலையில் துணி கட்டியிருப்பாள். வெயிலுக்குக் கட்டியிருக்கிறாள் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். தொலைந்த இதழைக் கலை என்று கும்பிட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தேவேந்திரன் வீட்டில் இருந்த பிரதியைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். சுனாமியில் வீடே இல்லாமல் போனது சார், புஸ்தகம் எங்கே என்றார். 

அம்மாவிடம் இதைச் சொன்னபோதுதான் மீதியும் தெரிந்தது. வரைவதற்காக உனக்குத் தந்த முழுக் கதையிலிருந்து நீ அந்த அத்தியாயத்தை எடுத்துக்காட்டிப் பதிப்பகத்தோடு வாதாடினாயாம், கதையிலேயே இருக்கிறது பாருங்கள் என்றாயாம், பழைய வாசகர்களுக்குச் சடைதான் ஞாபகம் இருக்கிறது, அவர்களே சொல்லும்போது சடையே இருக்கட்டும் என்று அவர்கள் முடித்துவிட்டார்களாம். கதையைப் படித்த நீ வெளியே, படிக்காத அவர்கள் உள்ளே, பாதி படித்த நான் ஆலோசகன். இந்த மெயின்லேண்ட்காரர்களுக்கு எது வேண்டுமோ அதைக் கூட்டம் சொன்னால் போதும். அவர்கள் மேல் எனக்குள்ள கோபம் சாகும் வரை போகாது. ஆனால் அந்தக் கூட்டத்தைக் கூட்டிக் கொடுத்தது நான்தான். மூன்று முறை மெயில் போட்டேன், நான் சொன்னது தவறு, ஓவியர் வரைந்ததே சரி என்று. பதிலே இல்லை. போன் செய்தால் ஒரு பெண் எடுத்து, கருத்துக்கு நன்றி சார் என்று வைத்துவிடுகிறாள். முகநூலிலும் எழுதினேன், கைதட்டிய இருநூறு பேரில் ஒருவன் வரவில்லை. "பல்டி அடிக்கிறீர்களே பெரியவரே, எவ்வளவு வாங்கினீர்கள்" என்று ஒருவன் கேட்டிருக்கிறான்.

நான் இங்கே வெறும் ஆளாக உட்கார்ந்திருக்கிறேன் சௌமியா. தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது, பிடித்து வைக்கிறேன். ஆபீஸ் போகிறேன், வருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, மருந்து தேய்க்க என்னைக் கூப்பிடாமல் தானே தேய்த்துக்கொள்கிறாள். உன் மாதிரிப் பக்கத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முதலில் கோபத்தோடு பார்த்தேன், தலையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இப்போது பார்த்தால் அந்தப் பெண் ஒரு கையால் பிடரியைத் தடவிக்கொண்டு நிற்கிறாள், இருந்த பாரம் இல்லாததைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. அந்த அத்தியாயத்தைப் படிக்காத எனக்கே அது புரிகிறது. இதை வரைந்த கை கணக்கு எழுதக் கூடாது. மீசையும் துடுப்பும் இப்போதும் தப்புதான், அதில் நான் மாறமாட்டேன், அதை நாம் இருவரும் உட்கார்ந்து சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். நிறத்தை வெளுக்கச் சொன்னது அவர்கள்தான் என்று அம்மா சொன்னாள், அதை நான் நம்புகிறேன்.

வியாழக்கிழமைக் கப்பலில் பங்க் படுக்கை எடுத்திருக்கிறேன். விமானத்தில் போக என் எல்.டி.சி. பயணச் சலுகை போன வருடமே தீர்ந்துவிட்டது. சென்னையில் இறங்கி நேராக அந்தப் பதிப்பகத்துக்குப் போவேன். மெயிலைப் படிக்காதவர்கள் ஆளைப் பார்த்துத்தானே ஆக வேண்டும். நான்தான் அந்த மனுப் போட்டவன், எனக்குக் கதை முழுதாகத் தெரியாது, தெரிந்தவளை நீக்கிவிட்டீர்கள் என்று அவர்கள் முன்னால் நின்று சொல்வேன். வெளியே போ என்றால் படியில் உட்காருவேன். அவர்கள் கேட்காமலும் போகலாம். கேட்காவிட்டால் நீ இவர்களுக்காக வரைய வேண்டாம், வேறு எதையாவது வரை. நீ சென்னைக்கு வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கப்பல் ஹேடோவை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் போன் செத்துவிடும், கரை தெரியும் வரை என்னிடம் யாரும் எதையும் சொல்ல முடியாது. வராதீர்கள் என்று சொல்ல வேண்டுமானால் அதற்குள் அம்மாவிடம் சொல்லிவிடு. சொன்னாலும் போவேன்.

வரையும் பலகையை உன் அறையில் தங்கியிருக்கும் பெண்ணிடம் கொடுத்துவிட்டாயாம். இன்றே திரும்ப வாங்கி வை, இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் அதை மறக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. வீரபத்திரர் துணை இருப்பார், நீ எடுத்தது துலங்கும். கீழே இரண்டு வரி எழுது என்று அம்மாவிடம் தாளை நீட்டினேன். "முதல்ல போய்ச் சொல்லிட்டு வாங்க, அப்புறம் எழுதுறேன்" என்று சொல்லிவிட்டாள். அதனால் அவளுக்கு விட்ட இடம் அப்படியே இருக்கிறது.

உன் அப்பா,
இராமகிருஷ்ணன்