குறி திருடியவர் என் கணவர் அல்லர்

அனுப்புநர்:
எம்மட் தெர்கில்,
கப்பல் தலைவர் ஹாமண்ட் தெர்கிலின் மனைவி,
ஹல் துறைமுகம்.
(தற்சமயம் லண்டனில், தங்கள் விடுதி வாசலில்)

பெறுநர்:
ஜெர்மன் வணிக நகரங்களோடு சமாதானம் பேச மன்னர் அனுப்பும் தூதுக்குழுவின் தலைவர் அவர்கள்,
லண்டன்.

பொருள்: டான்சிக் நகரச் சிறையில் இருக்கும் என் கணவரின் பெயரை, விடுவிக்கக் கோரும் கைதிகள் பட்டியலில் சேர்க்க வேண்டுதல் தொடர்பாக.

மேன்மை தங்கிய ஐயா,

1. தங்கள் கப்பல் வியாழக்கிழமை புறப்படுகிறது என்றும், பட்டியலுக்கு நாளை மாலை முத்திரை இடப்படும் என்றும் அறிந்தேன். ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

2. இரண்டு ஆண்டுகளுக்கு முன், கம்பளித் துணிக் கட்டுகளோடு ஜீலாந்து சந்தைக்குப் போன என் கணவரின் கப்பலை, அந்த ஜெர்மன் நகரங்களில் ஒன்றான டான்சிக்கின் ஆட்கள் நடுக்கடலில் பிடித்தார்கள். கப்பலில் இருந்த நால்வரையும் டான்சிக்குக் கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தார்கள். அவர்களில் தச்சர் வாட் மட்டும் காய்ச்சலில் சாகக் கிடந்ததால் திருப்பி அனுப்பப்பட்டார். மாலுமிகள் இருவரின் பெயரும் தங்கள் பட்டியலில் உள்ளது. என் கணவரின் பெயர் இல்லை.

3. காரணம் கேட்டு மூன்று நாள் தங்கள் எழுத்தரின் மேசை முன் நின்றேன். நான்காம் நாள் அவர் தலை நிமிர்ந்து கூறியது: "ஏம்மா, இது ராஜா சண்டையில பிடிபட்டவங்க பட்டியல். உம் புருஷன் அடுத்தவன் குறியத் திருடி உள்ள போனவன். திருடனுக்காக ராஜா பேசுவாரா? வழிய விடு, பின்னால ஆள் நிக்குது."

எழுத்தர் மேல் எனக்குப் புகார் இல்லை. அவர் கையில் இருந்த தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது.

4. வணிகர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறி உண்டு என்பதும், கட்டின் மேல் யார் குறி இருக்கிறதோ சரக்கு அவருடையது என்பதும் தாங்கள் அறிந்ததே. எங்கள் கட்டுகளில் இருந்தது டான்சிக் வணிகர் ஹின்ரிக்கின் குறி. அவர் அனுமதி தரவில்லை என்று அந்த ஊர் விசாரணையில் சொல்லியிருக்கிறார். அது உண்மை.

5. வாட் ஊர் திரும்பியதும் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "யாருடா குறி போட்டதுன்னு கேட்டாங்க முதலாளியம்மா. நாங்க வாயத் தொறக்கறதுக்குள்ள முதலாளி 'நாந்தான்'னு சொல்லிட்டாரு. அவரு போடலன்னு எனக்குத் தெரியும். யாரு போட்டான்னு உங்களுக்கும் தெரியும். நான் ஒண்ணும் கேக்கல."

6. ஐயா, போட்டது நான்.

சண்டைக்கு முன்பு ஹின்ரிக் எங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் தங்குவார். அவர் சரக்கும் எங்கள் கிடங்கில்தான் கிடக்கும். அந்தக் குறியைக் கண்ணை மூடிக்கொண்டும் என்னால் வரைய முடியும். அந்த வசந்தத்தில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று கப்பல்கள் திரும்பவில்லை. ஜெர்மன் குறியைப் பார்த்தால் ஜெர்மன்காரன் விட்டுவிடுவான் என்று எண்ணினேன். கணவர் தேவாலயப் பூசைக்குப் போயிருந்த காலையில், இருபத்திரண்டு கட்டுகளிலும் எங்கள் குறியைச் சுரண்டி எடுத்துவிட்டு, தார் மையால் ஹின்ரிக்கின் குறியை வரைந்தேன்.

7. கட்டுகளெல்லாம் கப்பலில் ஏறிய பிறகே என் கணவர் கண்டார். "அறிவிருக்காடீ உனக்கு? எங்கப்பா போட்ட குறிய அழிச்சுட்டு எவன் குறியவோ போட்டிருக்க!" என்று துறையில் எல்லோரும் பார்க்கக் கத்தினார். இறக்கி மாற்ற நேரமில்லை, துறையில் கடல் ஓதம் வடியத் தொடங்கிவிட்டது; அதோடு கப்பல் புறப்பட்டாக வேண்டும். கோபத்தோடுதான் போனார். அந்த மனிதர்தான் அங்கே போய் நின்று "நாந்தான்" என்றிருக்கிறார்.

8. சிறையில் போன பனிக்காலத்தில் அவருடைய வலக்கால் விரல்கள் மூன்று அழுகி விழுந்தன என்று வாட் கூறினார். இன்னொரு பனிக்காலத்தை அவர் தாங்கமாட்டார். இந்தத் தூதுக்குழு போனால் அடுத்தது எப்போது போகும் என்று சொல்ல லண்டனில் ஒருவரும் இல்லை.

9. ஆகவே வேண்டுவது: என் கணவர் எவர் குறியையும் திருடவில்லை. மற்ற இருவரைப் போல அவரும் மன்னரின் சண்டையில் பிடிபட்டவரே. இதற்குச் சாட்சி, குற்றம் செய்த நானே. இம்மனுவின் ஒரு படியை டான்சிக் நகர மன்றத்திடம் காட்டத் தங்களுக்கு முழு உரிமை உண்டு. குறி திருடியவளைக் கொண்டுவந்தால்தான் அவரை விடுவோம் என்று அவர்கள் சொன்னால், தங்கள் கப்பலிலேயே என்னை ஏற்றிக்கொள்ளுங்கள். மாற்றுடை எடுத்து வந்திருக்கிறேன். விலங்கு மாட்டுவதாக இருந்தாலும் மாட்டலாம். அதற்கு முன் அவர் பெயரை எழுதிவிடுங்கள்.

நாள்: மன்னர் எட்வர்ட் ஆட்சியின் பதின்மூன்றாம் ஆண்டு, புனித யோவான் திருநாளுக்கு முந்தைய செவ்வாய்.
இடம்: லண்டன்.

தங்கள் வாசலை விட்டு நகராத,
எம்மட் தெர்கில்