வேலுவின் சிதைக்கு விறகு வெட்டிய சாமியாருக்கு

பாசத்துக்குரிய எங்கள் பட்டாளத்துச் சாமி,

அல்ஜீரியாவில் சண்டை ஓய்ந்துவிட்டது. பிரெஞ்சுப் பட்டாளம் எனக்கு விடை கொடுத்துவிட்டது. புதுச்சேரிக்கு வந்து சில வாரங்கள் ஆகின்றன. கடற்கரை அப்படியேதான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் மூன்று வண்ணக் கொடியைத்தான் காணோம்.

நீங்கள் குருசுக்குப்பத்தில் பிறந்த கத்தோலிக்கச் சாமியார். நானும் வேலுவும் நோணாங்குப்பத்து விவசாய வீட்டுப் பிள்ளைகள், இந்துக்கள். கிறிஸ்தவச் சிப்பாய்களுக்குப் பூசை வைக்கத்தான் உங்களை அனுப்பியிருந்தார்கள். நீங்களோ எங்கள் கூடாரத்துக்கும் வந்து உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டிருப்பீர்கள். "பயமா இருக்கு சாமி" என்று வேலு சொன்னபோது, "எனக்குந்தாண்டா" என்றீர்கள். துப்பாக்கி இல்லாமல் எங்களோடு மலையேறியவர் நீங்கள் ஒருவர்தான்.

வேலு குண்டடிபட்டு விழுந்ததும் ஓடிவந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டீர்கள். உங்கள் ஜெபம் எதையும் அவன் காதில் ஓதவில்லை. "என்னடா வேணும்?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"பொதைச்சிடாதீங்க சாமி. எங்க வழக்கப்படி எரிச்சிடுங்க. அம்மா கேக்கும்."

எங்கள் படைத்தலைவர் கப்பித்தேன் ஒத்துக்கொள்ளவில்லை. புகை நம் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும் என்றார். நம்மைச் சுட்டவர்களுக்கு நம் இடம் தெரியாதா என்று பிரெஞ்சில் சத்தம் போட்டீர்கள். நீங்கள் குரல் உயர்த்தி அன்றுதான் கேட்டேன். கடைசியில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உங்கள் பொறுப்பு" என்றார்.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு நீங்களே கோடரியை எடுத்தீர்கள். விறகு அடுக்கியதும், "கொள்ளி நீ வைடா. நீதான் அவனுக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி" என்றீர்கள். பிறகு தள்ளிப்போய் நின்றீர்கள். அப்போது மனதுக்குள் ஜெபம் சொன்னீர்களா? நான் கேட்கவே இல்லை.

அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டோடு வந்து, நான் ஒரு வாய் உண்ணும்வரை எழுந்து போகமாட்டீர்கள். அப்படித் தேறிவந்த சமயத்தில்தான், அடுத்த முகாமில் காயம்பட்டவர்களைப் பார்க்கப் போன உங்கள் வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. ரொட்டி கொண்டுவந்தவன் சொல்லித்தான் நீங்கள் போய்விட்டது எங்களுக்குத் தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் வேலுவின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுது முடித்தவர், "அந்தச் சாமிக்கு வூட்ல யார் இருக்காங்க?" என்று கேட்டார். உங்கள் அக்கா வீட்டுக்கு அவரை அழைத்துப் போனேன்.

"கடைசியில அவன் பக்கத்துல யாராவது இருந்தாங்களா தம்பி?" என்றார் அக்கா.

பொய் சொல்லியிருக்கலாம். "யாரும் இல்லக்கா. வண்டி ஓட்டுனவனும் அங்கயே போயிட்டான்" என்றேன்.

வேலுவின் அம்மா நகர்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ளைக்கு உங்க தம்பி இருந்தாரு. உங்க தம்பிக்கு நாங்க இல்லாம பூட்டோம்மா."

பிறகு அக்கா எழுந்து உலை வைத்தார். "சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்றார்.

அக்காவுக்கு உங்களைத் தவிர யாரும் இல்லை என்று அன்றுதான் அறிந்தேன். சாமி, அவரைத் தனியாக விட மாட்டேன். நல்லது கெட்டது எதுவானாலும் அந்த வீட்டு ஆளாக முன்னால் நிற்பேன்.

உங்கள் அக்காவுக்கு இன்னொரு தம்பி,
முருகையன்