அட்டை ஜங்ஷனில் ரயில் ஓடிய நாள்

மொதலாளி,

இன்று காலை கடையின் பின்கட்டில் பைண்டிங் வேலைக்காக மைதாப் பசை காய்ச்சினார்கள். கொதி வந்ததும், எலியும் பூச்சியும் அண்டாமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் தூவினார்கள். பசை லேசாக நீலம் பாரித்தது. மாவு வெந்த வாசனை கல்லா வரைக்கும் வந்தது. எதிரே நின்றவர் கல்யாண அட்டையைப் புரட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் விழவே இல்லை. நான் விழுப்புரத்தில் உன் வீட்டு மாடி அறையில் இருந்தேன். நம் ஜங்ஷனை எலி தின்ற நாளில் இருந்தேன்.

நீ போன பிறகு நடந்ததைத் தங்கச்சி உனக்கு ஜெபத்தில் சொல்லியிருக்கும். ஆனால் நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரம்மா எதையும் ஒரே வரியில் முடிக்கிற ஆள். நான் வியாபாரி, விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் நமக்குள் இருந்தது கொடுக்கல் வாங்கல் மட்டும்தான். திண்டிவனத்தில் நான் அட்டை மொத்த வியாபாரம், விழுப்புரத்தில் நீ கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ். நான் அனுப்பும் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நீ குறை சொல்வாய்; உன் மெஷினை நான் குறை சொல்வேன். ஒருவரை ஒருவர் 'மொதலாளி' என்று கூப்பிட்டது மரியாதைக்காக அல்ல, குத்துவதற்காக. பிறகு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

துபாயிலிருந்து உன் மகன் தன் பிள்ளைகளுக்கென்று பொம்மை ரயில் அனுப்பினான். அதை நீ மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். ஊரெல்லாம் பேச்சாகி, கிண்டல் பண்ணலாம் என்றுதான் நானும் படியேறி வந்தேன்.

"இன்னாய்யா மொதலாளி, வயசான காலத்துல கொலு வைக்கிறியா?"

"கொலு உங்க வூட்டுல, கிறிஸ்மஸ் குடில் எங்க வூட்டுல. இது ரெண்டும் இல்ல, நம்ம விழுப்புரம் ஜங்ஷன். செருப்ப வெளிய வுட்டுட்டு வா."

உள்ளே வந்தேன். நின்றுபோன கல்யாணங்களின் பத்திரிகை, பெயர் தப்பாய் அச்சான பத்திரிகை, வெட்டிப்போட்ட ஓரங்கள் எல்லாம் சுவராகவும் ஜன்னலாகவும் நின்றன. விசிறி மடிப்பாக மடித்து மேம்பாலத்துக்குப் படிக்கட்டு செய்திருந்தாய். அட்டைப் பெட்டியின் மேல்தாளை உரித்து, உள்ளிருந்த நெளிவைக் கூரைத் தகரமாக்கியிருந்தாய். சிக்னல் கேபினுக்குள் எட்டிப் பார்த்தால் பின்சுவரில் தங்க எழுத்தில் 'மணமகன்' என்று இருந்தது. பின்னால் மட்டும் ஒரு மலை.

"விழுப்புரத்துல மலை ஏதுய்யா?"

"குடிலுக்கு வாங்குன மலைத்தாள் மிச்சம் இருந்துச்சி. தூக்கியா போடச் சொல்ற?"

அந்தப் பதில் எனக்குப் பிடித்துவிட்டது. அன்று உட்கார்ந்தவன்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடித்து நீ வருவதற்குள் நான் திண்டிவனத்திலிருந்து வந்து உன் வாசலில் நிற்பேன். நிஜ நடைமேடையை அளவு மாறாமல் செய்தால் அது உன் வீட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவன் நான். "நீளத்தக் கொற, அடையாளத்தக் கொறைக்காத" என்று சொன்னவன் நீ. தண்ணீர்த் தொட்டி, மேம்பாலம், பஜ்ஜி போடும் டீக்கடை, எதையும் விடவில்லை.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு கதவைத் திறந்தால் பார்சல் ஆபீஸைக் காணோம். டிக்கெட் கவுன்டர் பாதிதான் இருந்தது. போஸ்டர் ஒட்டுகிற வெறும் மைதாப் பசையை மூலை மூலைக்குத் தடவியிருந்தோம். எலிக்கு அது விருந்து. காலமெல்லாம் காகிதத்தோடு கிடந்த இரண்டு பேர், துத்தம் போடாத பசையால் ஒரு ஊரையே ஒட்டியிருந்தோம்! நான் தலையில் கை வைத்தேன். நீ சிரித்தாய். "ரயில்வேக்காரன் வருசக்கணக்கா இடிச்சிக் கட்றத எலி ஒரே மழையில இடிச்சிக் குடுத்துச்சி. வா, புதுசா கட்டலாம்." புதிதாகக் கட்டினோம். முன்னதைவிட நன்றாக வந்தது.

அப்புறம் அந்தக் கண்காட்சி. பொம்மை ரயில் பிரியர்கள் கூடுகிறார்கள், சென்னைக்காரர்களுக்கும் பாண்டிக்காரர்களுக்கும் நடுவில் என்று திண்டிவனத்தில் மண்டபம் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் போனைப் போட்டாய். ஏற்பாடு செய்பவர் மரியாதையாகத்தான் பேசினார். "பேப்பர் மாடல்னா வாசல்ல வைக்கலாம் சார், டெக்கரேஷனா இருக்கும். மெயின் டேபிள் ரன்னிங் லேஅவுட்டுக்கு." உனக்கு மூக்கு சிவந்தது. "ஓட்டிக் காட்றேன். ஓடுனா மெயின் டேபிள், நின்னா வாசல். சம்மதமா?" அவர் சம்மதித்தார். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாய்: "காசு குடுத்து வாங்குன பிளாஸ்டிக் ஊருங்க நடுவுல நம்ம ஊரு நிக்கணும் மொதலாளி. வாசல்ல இல்ல, நடுவுல."

அதைப் பார்க்க நீ இருக்கவில்லை. ஐப்பசியில் மார்வலி என்றாய். மறுநாள் நீ இல்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, ஜங்ஷனைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகலாமா என்று தங்கச்சியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இன்னாண்ணே கேள்வி? எடுத்துக்கினு போங்க. நானும் வர்றேன்" என்றது. ஒரே வரிதான்.

கண்காட்சி அன்று விடியற்காலை நல்ல மழை. குட்டி யானை வண்டியில் ஜங்ஷனை ஏற்றினோம். ஒரே சரக்குக்காக வண்டி ஓட்டும் பழக்கம் எனக்கு இல்லை. ஒலக்கூர் பத்திரிகைக் கடைக்கு இறக்க வேண்டிய கல்யாண அட்டைக் கட்டும் அதே வண்டியில் இருந்தது. கிளம்பும் முன் பெயர்ந்திருந்த இரண்டு தூண்களைப் பசை வைத்து ஒட்டினேன். அப்புறம் அட்டைக் கட்டைப் போர்த்துவதுபோலவே ஜங்ஷனையும் பாலிதீன் போட்டுக் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டினேன். சரக்கைக் காப்பாற்றுகிற கை அல்லவா!

மண்டபத்தில் பிரித்தால் உள்ளே ஆவி பிடித்த மாதிரி இருந்தது. ஈரப்பசை மூச்சு விட இடமில்லாமல் முழுவதையும் நனைத்திருந்தது. சுவர்கள் நின்றன. நடைமேடைக் கூரை மட்டும் நடுவில் தொய்ந்து தண்டவாளத்தின் மேல் குனிந்திருந்தது. ரயிலை விட்டேன். எஞ்சின் நுழைந்தது. முதல் பெட்டி கூரையில் இடித்து நின்றது.

சுற்றிலும் சுவிட்சர்லாந்து மலை, ஜெர்மனி ஸ்டேஷன், பளபளவென்று. ஏற்பாட்டாளர் வந்து எட்டிப் பார்த்தார். "பரவாயில்ல சார், ஜனம் வர ஆரம்பிச்சிடும். வாசல்ல நல்ல இடமா ஒதுக்கித் தர்றேன்."

நான் வாய் திறப்பதற்குள் தங்கச்சி முந்திக்கொண்டது. "வாசல்ல செருப்புதான் வுடுவாங்க. அவரு கட்டுனது உள்ளதான் இருக்கும். கொஞ்சம் டைம் குடுங்க சார்." என் பக்கம் திரும்பியது. "அண்ணே, வண்டியில அட்டை இருக்குதில்ல?"

"அது ஒலக்கூரார் சரக்கும்மா."

"அவரு திட்டுனா நான் கேட்டுக்கினு போறேன். ஜல்தி எடுத்துக்கினு வாங்க."

அடுத்தவர் சரக்கின் கட்டை என் தொழிலில் நான் பிரித்ததே இல்லை. அன்று பிரித்தேன். மெரூன் அட்டை, ஒரு பக்கம் தங்க மாங்காய் அச்சு. எந்த அட்டைக்கும் நார் ஓடும் திசை ஒன்று உண்டு. அந்தப் பக்கமாக வளைத்தால் சுலபமாக வளையும், குறுக்கே வளைத்தால் முறைக்கும். ஒன்று நெட்டுவாக்கில், ஒன்று குறுக்குவாக்கில் என்று இரண்டு தாளைச் சேர்த்தால் எந்தப் பக்கமும் தொய்யாது. பசையைத் தொடவே பயமாக இருந்தது. இருபக்க டேப் போட்டோம். உன் பிரஸ்ஸில் பாதி அட்டையை வெட்டிய கை தங்கச்சியுடையது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கத்தி போகிற வேகத்தை அன்றுதான் நேரில் பார்த்தேன். பழைய கூரையை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தோம். தங்க மாங்காயை உள்பக்கம் திருப்பிவிட்டோம். இந்தியாவிலேயே தங்கத்தில் விதானம் போட்ட ஒரே நடைமேடை நம்முடையதுதான், மொதலாளி.

சுவிட்சைத் தங்கச்சியையே போடச் சொன்னேன். சிலுவைக்குறி போட்டுக்கொண்டு போட்டது. எஞ்சின் கூரைக்குள் நுழைந்தது. முதல் பெட்டி நுழைந்தது. இடிக்கவில்லை. கடைசிப் பெட்டியும் மறுபக்கம் வெளியே வந்து, மேம்பாலத்தின் கீழே போய், விழுப்புரத்தில் இல்லாத உன் மலையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. நான் கைதட்டினேன். கடைக்காரன் கைதட்டு, மண்டபமே திரும்பிப் பார்த்தது.

ஏற்பாட்டாளர் சொன்ன சொல் தவறவில்லை. அவரே ஒரு முனையைப் பிடித்து நடு மேசைக்குத் தூக்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஜனம் சுவிட்சர்லாந்தை அழகு என்று சொல்லிவிட்டுக் கடந்து போனது. நம்மிடம் வந்து நின்றது. கோலியனூரிலிருந்து வந்த ஒருவர் கத்தினார்: "ஏய், நம்ம ஜங்ஷனு! தோ, இங்கதான் பஜ்ஜி வாங்குவேன்!" பக்கத்தில் நின்றவர் ஒத்துக்கொள்ளவில்லை. "டீக்கடை இந்தப் பக்கம் இல்லியே, அந்தப் பக்கமாச்சே." "யோவ், டெய்லி அங்கதான் ஏர்றேன், எனக்குத் தெரியாதா?" இரண்டு பேரும் டீக்கடைக்காகச் சண்டை போட்டார்கள். பிளாஸ்டிக் ஊருக்காக அந்த மண்டபத்தில் ஒருத்தரும் சண்டை போடவில்லை. மாலை வரை ரயில் நிற்காமல் ஓடியது. நடுவில் நின்றது, மொதலாளி, நம்ம ஊரு.

சாயங்காலம் ஏற்பாட்டாளர் வந்தார். "இது எந்தக் கம்பெனி கிட் சார்?"

"இன்னும் கம்பெனி ஆகல. அடுத்த மாசம் ஆயிடும்."

ஆக்கிவிட்டேன். நீ வரைந்து வைத்த சுவர்களையும் ஜன்னல்களையும் தாளில் அடித்து, வெட்டி மடித்து ஒட்டுகிற மாதிரி உறையில் போட்டு விற்கிறோம். அட்டை என்னுடையது, அச்சு உன் பிரஸ், பிரஸ்ஸை நடத்துவது தங்கச்சி. ஒலக்கூர்க்காரர் ஒரு வாரம் என்னைத் திட்டினார். இப்போது அவர் கடை வாசலில் நம் ஜங்ஷன் தொங்குகிறது. வல்லம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து வந்து மொத்தமாக வாங்கிப் போனார்கள். ஊரை விற்கிறாயா என்று நீ சத்தம் போட்டிருப்பாய். ஆமாம், விற்கிறேன். வாங்கியவன் வீட்டிலெல்லாம் நம் ஊர் நிற்கிறது.

எனக்கென்று மிஞ்சியது வேறு. முன்பெல்லாம் ஒரு கட்டடத்தைப் பார்த்தால் வாடகை என்ன வரும் என்றுதான் தோன்றும். இப்போது அதன் முன்னால் நின்றால் நாலு சுவரும் மனசுக்குள் கழன்று தரையில் தட்டையாக விரிகின்றன. எங்கே கோடு, எங்கே மடிப்பு, எங்கே பசை வைக்க ஓரம் விட வேண்டும், எல்லாம் தெரிகிறது. தாலுகா ஆபீஸ் வரிசையில் காத்திருந்தபோது அந்த ஆபீஸையே பிரித்து மறுபடி மடித்துவிட்டேன். அது உன் கண். நீ எடுத்துப்போகவில்லை.

நேற்று வேலை ஒன்றும் இல்லாமலே மயிலம் ஸ்டேஷனில் இறங்கி, மேலும் கீழும் ஒரு நடை நடந்தேன். அடுத்த ரயிலில் ஏறி உட்கார்ந்தபோது ஸ்டேஷன் முழுவதும் தலைக்குள் மடிந்து கிடந்தது. நாளைக்கு அட்டையில் கோடு போடுகிறேன்.