மீன்தொட்டிக் கடைக்காரனின் அக்கா

அம்பத்தூர்
12-4-1971

அன்புத் தம்பி பால்ராஜுக்கு,

மாதா புண்ணியத்தில் இங்கு எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஆவடியில் பஸ்ஸில் போகும்போது பிலோமினா உன் கடைப் பலகையைப் பார்த்துவிட்டாள். "அக்வேரியம்னா இன்னாம்மா?" என்று உயிரை வாங்குகிறாள். அது அவள் மாமா கடை என்று நான் சொல்லவில்லை. லத்தீன் படித்தவன் நீதானே, அர்த்தம் எழுது.

மே இரண்டாம் தேதி ஞாயிறு அவளுக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை வாங்கப்போகிறாள். நீ வரவேண்டாம், ராஜா. குருமடத்தை விட்டு நீ வந்தது தெருவில் யாருக்கும் தெரியாது. இன்னும் சாமியாருக்குப் படிக்கிறாய் என்றே சொல்லி வைத்திருக்கிறேன். மீன் விற்கிறாய் என்று சொல்ல இவருக்கு வெட்கம். எனக்கும்தான். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா ஜெயகுமாரி

ஆவடி
16-4-1971

அன்பு அக்காவுக்கு,

சாப்பாட்டுக்குக் குறையில்லை.

லத்தீனில் 'அக்வா' என்றால் தண்ணீர். ரோமாபுரிக்காரர்கள் அக்வேரியம் என்றது மாடு தண்ணீர் குடிக்கும் இடத்தை. போன நூற்றாண்டில்தான் இங்கிலீஷ்காரர்கள் கண்ணாடித் தொட்டியில் மீனை விட்டு, அதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். பிலோமினாவிடம் சொல், சிரிப்பாள்.

மாட்டுக்கென்று இருந்த வார்த்தை மீனிடம் வேலைக்கு வந்துவிட்டது. ஓடிவந்தது என்று அதை யாரும் ஏசுவதில்லை. ஏழு வருஷம் படித்த லத்தீனில் இந்த ஒரு வார்த்தைதான் எனக்குச் சோறு போடுகிறது.

நான் வரவில்லை. உன் பேச்சு பொய்யாகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

பால்ராஜ்

அம்பத்தூர்
26-4-1971

தம்பி,

நேற்று எதிர்வீட்டு ஆரோக்கியம்மாள் உன் கடையில் மீன் வாங்கி வந்தார்கள். "அங்க ஒருத்தன் கீறான், அச்சு அசல் உன் தம்பி மாரியே. ஜெயகுமாரி தம்பியான்னு கேட்டேன். எனக்கு அக்காவே கெடையாதும்மான்ட்டான்" என்று சொல்லிச் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். பாவி, சிரித்தேனடா.

அப்புறம் அடுப்படியில் கை ஓடவில்லை. என் பொய்யை எனக்காக நீயும் சொல்லியிருக்கிறாய். சாயந்தரம் அவர்கள் வீட்டுக்கே போய், "அவன் என் தம்பிதான்க்கா. குருமடத்த உட்டு ரெண்டு வருஷமாவுது" என்றேன். அவர்கள் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டே இருந்தார்கள். இவர் முறைத்துக்கொண்டு திரிகிறார். திரியட்டும்.

பிலோமினா தெருவெல்லாம் மாட்டுத்தொட்டிக் கதை சொல்கிறாள். யார் சொன்னது என்று கேட்டால், "எங்க மாமா" என்கிறாள். அவளுக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லாமல் போயிற்று.

ஞாயிறு பூசைக்கு வா. முன்பெஞ்சில் இடம் வைக்கிறேன். நீ வராவிட்டாலும் எனக்குத் தகும்.

நீ இல்லையென்று சொன்ன அக்கா,
ஜெயகுமாரி