சுரண்டிய லேபிள்கள்

செப்டம்பர் 14, ஞாயிறு

இந்த வாரம் படிப்புக்காக ஜெர்மனி கிளம்புகிறேன். இழுப்புக்காக வாங்கி வைத்த இன்ஹேலர் ஒன்றில்கூட இப்போது பெயர் இல்லை. இன்று ஆம்பூரிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடும் என்று அம்மா எல்லா லேபிளையும் சுரண்டிவிட்டாள். டாக்டர் சீட்டையும் கிழித்துப் போட்டுவிட்டாள்.

"அங்க எனக்கு இழுத்தா, இன்னா மருந்துன்னு எதைக் காட்டுவேன்?"

"ஆம்பூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சா உன்ன யார்டி கட்டுவான்?"

வந்தார்கள். ஊதுவத்திப் புகையில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து எல்லோர் முன்னும் இழுத்தார். என் அம்மா ஓடிப்போய் அவர் முதுகை நீவிவிட்டாள்.

"உடம்புன்னா எல்லாம் வரும்ங்க. இதுல இன்னா இருக்குது?" என்றாள்.

நாளை புதுச் சீட்டு வாங்க அவளும் வேலூர் வரட்டும். பழையது எங்கே என்று டாக்டர் கேட்பார். அம்மாவே பதில் சொல்லட்டும்.